காண்டா கம்பும் கணினித் திரையும்

இணையக் கடைகளின் விளம்பரங்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். மேசையின் பின்விளிம்பைக் கவ்விக்கொண்டு ஓர் உலோகக் கை நிற்கும். அதன் நுனியில் 32 அங்குல மானிட்டர். ஒருவர் ஒற்றை விரலால் தொடுவார். திரை மேலே போகும். மறுபடி தொடுவார், கீழே இறங்கும். விரலை எடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். பார்ப்பவருக்கு அந்தத் திரைக்கு எடையே இல்லை என்று தோன்றும்.

எடை எங்கும் போய்விடவில்லை. விரலுக்குத் தெரியாமல் மேசைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். விளம்பரம் விரலைக் காட்டும். மேசையின் அடிப்பக்கத்தைக் காட்டாது. ‘மானிட்டர் ஆர்ம்’ என்ற இந்தக் கை நம் வீடுகளுக்கு நல்ல பொருள் என்றே நினைக்கிறேன். ஆனால் வாங்கும் முன் கையைப் பற்றி விசாரிப்பதைவிட, வீட்டிலிருக்கும் மேசையைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். அதற்கு வேண்டிய அறிவியலில் பெரும்பகுதி படிவம் 2 புத்தகத்தில், விசையும் இயக்கமும் என்ற பாடத்திலேயே இருக்கிறது.

எடை சமனாவது வேறு, எடை இல்லாமல் போவது வேறு. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் உங்கள் தாத்தா பாட்டி யாராவது ரப்பர் தோட்டத்தில் வேலை செய்திருந்தால் ‘காண்டா’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். ரப்பர் பால் நிறைந்த இரண்டு வாளிகளை ஒரு கம்பின் இரண்டு முனைகளிலும் மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு, பால் நிறுக்கும் கொட்டகைவரை நடப்பார்கள். மலாய்மொழியில் ‘கண்டார்’ என்பதுதான் தோட்டத்துத் தமிழில் காண்டா. நாசி கண்டார் என்ற பெயரும் சோற்றையும் கறியையும் இப்படித் தோளில் சுமந்து விற்றதால் வந்ததுதான்.

இரண்டு வாளியிலும் பால் சமமாக இருந்தால் கம்பு எந்தப் பக்கமும் சாயாது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. விரல் பட்டாலே போதும். ஆனால் தோளைக் கேட்டால் வேறு கதை சொல்லும். ஒரு வாளி 15 கிலோ என்றால் தோளில் 30 கிலோ. ஒரு வாளி மற்றதைச் சாயவிடாமல் தடுத்ததே தவிர, அதன் எடையைக் கழிக்கவில்லை. இரண்டு எடையும் கூடித் தோளில்தான் இறங்கின. விளம்பரத்தில் வரும் விரல், கம்பைத் தொட்ட விரல். உங்கள் வீட்டு மேசைதான் தோள்.

இந்தக் கை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் வீட்டுக்குள் வந்தது. அதற்குப் பிறகு பல வீடுகளில் மடிக்கணினியோடு ஒரு பெரிய திரையும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலும் பழைய அலுவலகத் திரை, அல்லது சலுகை விலையில் வாங்கிய 27, 32 அங்குலத் திரை. திரை பெரிதானது. மேசையும் அறையும் பெரிதாகவில்லை. நம் தாமான் வீடுகளில் ஒரு மேசையை இரண்டு மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்வது சாதாரணம். அண்ணன் படிவம் 5, தங்கை நான்காம் ஆண்டு. நாற்காலியில் உட்கார்ந்தால் இருவரின் கண்மட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரு சாண் வித்தியாசம் இருக்கும்.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். நீட்டிய கை தொடும் தூரத்தில், பெரிய திரையானால் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். அண்ணனுக்குச் சரியாக வைத்தால் தங்கை அண்ணாந்து பார்ப்பாள். தங்கைக்குச் சரியாக வைத்தால் அண்ணன் கூன் போட்டு உட்காருவான். எஸ்.பி.எம். எழுதும் ஆண்டில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கூன் போட்டு உட்கார்வது கழுத்துக்குச் செய்யும் கெடுதலைச் சொல்லத் தேவையில்லை. திரையின் பழைய காலை எடுத்துவிட்டால் அதன் கீழே புத்தகம் வைத்து எழுதவும் இடம் கிடைக்கும். ஆடம்பரம் என்று பலர் நினைக்கும் இந்தச் சாதனம், பெரிய வீட்டைவிடச் சின்ன வீட்டுக்குத்தான் அதிகம் உதவும்.

சரி, கணக்குக்கு வருவோம். 9.81 என்பதை 10 என்று வைத்துக்கொள்கிறேன். கணக்கு எளிதாகும், விடையும் பெரிதாக மாறாது.

உங்கள் திரை, அதன் சொந்தக் கால் இல்லாமல், 6 கிலோ. பல 32 அங்குலத் திரைகள் இந்த எடையை ஒட்டித்தான் இருக்கும். அதன் எடை 60 நியூட்டன். கையை முழுதாக நீட்டினால் அடித்தூணிலிருந்து திரைவரை 50 சென்டிமீட்டர். விசையைத் தூரத்தால் பெருக்கினால் 30 நியூட்டன் மீட்டர். இதைத்தான் உங்கள் புத்தகம் ‘மொமென் டாயா’ என்கிறது, தமிழில் திருப்புத்திறன். கைக்கும் சொந்த எடை உண்டு. அது 2.5 கிலோ, அதன் புவியீர்ப்பு மையம் பாதித் தூரத்தில் என்றால் இன்னும் 6 சேரும். மொத்தம் சுமார் 36 நியூட்டன் மீட்டர். அதே கையை மடக்கித் திரையைத் தூணிலிருந்து 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் திரையின் திருப்புத்திறன் 9 ஆகக் குறைந்துவிடும். திரை மாறவில்லை, எடை மாறவில்லை. தூரம் மட்டும் மாறியது. பெட்டியின் மேல் ‘9 கிலோ வரை தாங்கும்’ என்று அச்சிட்டிருப்பது கைக்கான வாக்குறுதி. எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் உங்கள் மேசை எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றி அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது.

விரலுக்கு எப்படி அது லேசாகிறது? இந்த வித்தை பழையது. தமிழ்நாட்டுக் கிணறுகளில் நீர் இறைத்த ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தூணின்மேல் ஆடும் நீண்ட மரம். ஒரு முனையில் தொங்கும் சால். அந்த மரத்தின்மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். சால் கிணற்றுக்குள் இறங்க வேண்டுமானால் சால் இருக்கும் பக்கம் நடப்பார். நீரோடு மேலே வர வேண்டுமானால் எதிர்ப்பக்கம் நடப்பார். மனிதரின் எடை மாறவில்லை. ஆடும் புள்ளியிலிருந்து அவர் நிற்கும் தூரத்தை மாற்றி, திருப்புத்திறனைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்தார். சுமை மாறும்போது எதிர்ச்சுமையும் மாறும் ஓர் இயந்திரம் அது. எதிர்ச்சுமை மட்டும் உயிரோடு இருந்தது.

மேசைமேல் இருக்கும் கையில் ஆள் நடக்க முடியாது. கையின் பின்னால் இரும்புக் குண்டைக் கட்டினால் சுவரில் இடிக்கும். அதற்கு வழி சொன்னவர் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன். கார்களின் அதிர்வுதாங்கும் அமைப்புகளை வடிவமைத்தவர். 1930களின் தொடக்கத்தில், எதிர்க்குண்டுக்குப் பதிலாகச் சுருள்வில்களைக் கொண்டு ஒரு கையைச் சமன் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ரெடிட்ச் ஊரில் சுருள்வில் தயாரித்த ஹெர்பர்ட் டெரி நிறுவனம் அதை ‘ஆங்கிள்பாய்ஸ்’ என்ற மேசைவிளக்காக விற்றது. 1937இல் நார்வேக்காரர் ஜாக் ஜேக்கப்சன் அதே வழியில் லக்ஸோ விளக்கைக் கொண்டுவந்தார். பிக்சார் படங்களின் தொடக்கத்தில் குதித்து வந்து எழுத்தை மிதிக்கும் குட்டி விளக்கு அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மானிட்டர் கை அதே குடும்பத்தின் கொஞ்சம் பருத்த தம்பி.

விளக்கின் சுருள்வில்லுக்குப் பதிலாக இன்றைய கைகள் பலவற்றில் இருப்பது வாயு ஸ்பிரிங். காரின் பின்கதவைத் திறந்தால் அது தானாக மேலே நிற்க உதவும் கறுப்புத் தண்டு இருக்கிறதே, அதுவேதான். மூடிய உருளைக்குள் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு, ஒரு பிஸ்டன், கொஞ்சம் எண்ணெய். பிஸ்டனில் சிறிய துளை இருப்பதால் வாயு இரண்டு பக்கமும் இருக்கும். அப்படியானால் தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது என்று ஒரு நல்ல மாணவர் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தில் பிஸ்டனின் நடுப்பகுதியைத் தண்டு அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அளவுக்கு வாயு படும் பரப்பு அங்கே குறைவு. அந்த வித்தியாசம்தான் விசை. தண்டின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்றால் குறுக்குப்பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். உள்ளே காற்றழுத்தத்தைப்போல் 100 மடங்கு அழுத்தம் இருந்தால் விசை சுமார் 500 நியூட்டன்.

6 கிலோவைத் தூக்க 500 நியூட்டனா என்று திகைக்க வேண்டாம். அந்த ஸ்பிரிங் தள்ளுவது மூட்டுக்கு மிக அருகில், சுமார் 4 சென்டிமீட்டர் தூரத்தில். 500ஐ 0.04ஆல் பெருக்கினால் 20 நியூட்டன் மீட்டர். மேலும் கீழும் அசையும் முன்கை 30 சென்டிமீட்டர் நீளம் என்றால், திரையின் 60 நியூட்டனுக்கு 18. அந்த முன்கையின் எடைக்கு இன்னும் ஒன்றோ இரண்டோ. இருபுறமும் ஏறக்குறையச் சமம். சின்ன மீதியை மூட்டின் உராய்வு பார்த்துக்கொள்ளும். கை மேலே சாயும்போது கிடைத்தூரம் குறைந்து திரையின் திருப்புத்திறன் குறையும். ஸ்பிரிங் தள்ளும் கோணமும் கூடவே மாறும்படி வடிவமைத்திருப்பதால் சமநிலை கெடுவதில்லை. ஏற்றத்தில் ஆள் நடந்து செய்த வேலை இது. முன்கைக்குள் இரண்டு இணையான தண்டுகள் இணைகரம்போல் அமைந்திருப்பதால், கை ஏறினாலும் இறங்கினாலும் திரை மட்டும் நிமிர்ந்தே நிற்கும்.

நம் ஊர் வெயிலில் வாயுவின் அழுத்தம் கூடாதா? கூடும். விடியற்காலை 24 பாகை, மதியம் 34 பாகை என்றால் கெல்வினில் 297இலிருந்து 307. நூற்றுக்கு மூன்று சொச்சம். உராய்வே அதைச் சமாளித்துவிடும். படிவம் 4 இயற்பியல் மாணவர்கள் இதை கே-லூசாக் விதியில் போட்டுப் பார்க்கலாம்.

இதுவரை கை. இனி மேசை. எனக்கு முக்கியம் இதுதான்.

கவ்வி மேசையைப் பிடிக்கும் இடத்தைக் கவனியுங்கள். மேலே ஓர் அடித்தட்டு, கீழே ஒரு திருகு, அந்தத் திருகின் நுனியில் ஒரு வட்டத் தகடு. கை உங்களை நோக்கி நீளும்போது முழு அமைப்பும் முன்னால் கவிழப் பார்க்கும். அடித்தட்டின் முன்விளிம்பு மேசையைக் கீழே அழுத்தும். கீழ்த்தகடு மேசையை மேலே தள்ளும். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே 6 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 36 நியூட்டன் மீட்டரை அந்த 6 சென்டிமீட்டருக்குள் எதிர்க்க வேண்டும். 36ஐ 0.06ஆல் வகுத்தால் 600 நியூட்டன். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மேசையின் ஓரத்தில் ஏறி ஒற்றைக் குதிகாலில் நிற்பதற்குச் சமம். இரவும் பகலும் நிற்கிறார். கீழே இன்னொருவர் அதே பலத்தோடு மேலே முட்டுக் கொடுக்கிறார். திருகை முடுக்கிய இறுக்கம் இதற்கு மேல் தனி.

6 கிலோ திரை 60 கிலோ ஆனது இப்படித்தான். மந்திரம் ஒன்றும் இல்லை. நெம்புகோல் தலைகீழாக வேலை செய்கிறது. கிணற்றடியில் நமக்கு உதவிய அதே விதி இங்கே மேசைக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது.

இப்போது அந்த மேசை எதனால் ஆனது? நம் வீடுகளில் மலிவு மேசைகள் பெரும்பாலும் சிப்போர்டு. மரத்தூளையும் சிறு துகள்களையும் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. மேலே மரம்போல் அச்சிட்ட ஒரு மெல்லிய தோல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலேசியாவில் சிப்போர்டுக்கும் நடுத்தர அடர்த்தி நார்ப்பலகைக்கும் போகும் முக்கியமான மரம் நம் ரப்பர் மரமே. பால் வற்றி, இருபத்தைந்து முப்பது வயதில் வெட்டப்படும் மரம் ஒரு காலத்தில் விறகாகத்தான் போனது. பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் தாக்கும் என்பதால் தச்சர்கள் அதைத் தொடவில்லை. போரான் உப்புக்கரைசலை மரத்துக்குள் ஏற்றிப் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் அது மேசை, நாற்காலி ஆனது. ஜொகூரின் மூவார் வட்டாரத்துத் தளவாடத் தொழில் பெரிதும் வளர்ந்தது இந்த மரத்தால்தான்.

ஆக, ஒரே தோட்டத்து மரம் இரண்டு விதமாக உங்கள் வீட்டுக்கு வரலாம். திடமான ரப்பர் மரப் பலகையாக வந்தால், நீண்ட நார்கள் விசையைப் பிரித்து வாங்கிக்கொள்ளும். துகளாகி, பசையால் ஒட்டி வந்தால், நாரின் தொடர்ச்சி போய்விடும். விளிம்பில் நசுக்கினால் பிட்டுபோல் உதிரும். இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் ‘மேசை நல்ல கனமாக இருக்கிறது, தாங்கும்’ என்ற வாதத்தை நம்பாதீர்கள். சிப்போர்டு ஈரத்துக்கும் ஆகாது. ஒருமுறை தண்ணீர் சிந்தி ஊறிய விளிம்பு, காய்ந்த பிறகும் பழைய பலத்துக்குத் திரும்புவதில்லை.

இதைவிட மோசமான மேசையும் உண்டு. மேலும் கீழும் மெல்லிய பலகை, நடுவில் தேன்கூடுபோல் மடித்த அட்டை, மற்றபடி வெற்றிடம். புத்தகங்களை அடுக்கினால் தாராளமாகத் தாங்கும், ஏனென்றால் எடை பரவலாக இறங்குகிறது. கவ்வியின் விளிம்பு அழுத்தினால் உள்ளே அமுங்கிவிடும். கண்டுபிடிப்பது எளிது: பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல்மூட்டால் மேசையைத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரத்தில் ஒரு சத்தம், நடுவில் டொக்கென்று வேறு சத்தம் வந்தால் உள்ளே காலி. கண்ணாடி மேசை என்றால் தட்டிப் பார்க்கவே வேண்டாம். அதில் கவ்வி மாட்டக் கூடாது.

சிப்போர்டு மேசை இருப்பவர்கள் ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. விசையைக் குறைக்க முடியாவிட்டால் பரப்பைக் கூட்டுங்கள். கீழ்த்தகட்டின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்றால் பரப்பு ஏறக்குறைய 12.5 சதுர சென்டிமீட்டர். 600 நியூட்டனுக்கு அழுத்தம் 480,000 பாஸ்கல். 15க்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள இரும்புத் தகடு ஒன்றை நடுவில் வைத்தால் பரப்பு 150. விசை சீராகப் பரவினால் அழுத்தம் 40,000 பாஸ்கலுக்கு இறங்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இப்படிப்பட்ட தகடுகள் ஜோடியாகக் கடையில் விற்கின்றன. தடித்த பிளைவுட் துண்டு வீட்டில் கிடந்தால் அதுவும் உதவும். பலரும் கைக்குக் கூடுதலாக ஐம்பது ரிங்கிட் கொடுத்து ‘பலமானது’ வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இந்தத் தகட்டுக்குக் கொடுத்தால் எவ்வளவோ பயன்.

மேசை உடையாமல் இருந்தால் போதாது, கவிழாமலும் இருக்க வேண்டும். பின்விளிம்பில் கவ்வி, திரை மேசைக்கு நேர் மேலே என்றால் கவலை குறைவு. பக்கவிளிம்பில் கவ்வி மாட்டி, திரையை மேசைக்கு வெளியே, கட்டில் பக்கம் திருப்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள். 100 சென்டிமீட்டர் நீளம், 15 கிலோ எடையுள்ள மேசை என்று வையுங்கள். கால்கள் இரு ஓரங்களிலும் இருக்கின்றன. அந்தப் பக்கத்துக் காலைச் சுற்றி மேசையின் திருப்புத்திறன் 150 நியூட்டன், பெருக்கல் அரை மீட்டர்: 75. வெளியே நீளும் கையும் திரையும் 36. தப்பித்தோம். இப்போது வீட்டிலிருக்கும் மூன்று வயதுக் குழந்தை திரையின் ஓரத்தைப் பிடித்துத் தொங்குகிறது. முதலில் கை தாராளமாகக் கீழே இறங்கிக் கொடுக்கும்; குழந்தைக்கு அது விளையாட்டாகத் தோன்றும். இறங்கும் எல்லையைத் தொட்டதும் இழுப்பு முழுவதும் மேசைக்குப் போகும். 10 கிலோவுக்குச் சமமாக இழுத்தாலே இன்னும் 50 சேரும். 86க்கு எதிராக 75. மேசை, திரை எல்லாம் குழந்தையின்மேல் வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பக்கவிளிம்பு வேண்டாம் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கையைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. திரையின் முதுகில் நான்கு திருகு ஓட்டைகள் சதுரமாக இருக்கின்றனவா பாருங்கள். ‘வேசா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் காட்சிமின்னணுத் தரநிலைச் சங்கம் வகுத்த அளவு அது: பெரும்பாலும் 75க்கு 75 அல்லது 100க்கு 100 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர்த் திருகு. ஓட்டையே இல்லாத திரைகளும் உண்டு. அவற்றுக்குத் தனி இணைப்பு வேண்டும். திரையின் எடையைக் காலில்லாமல் பாருங்கள். பெட்டியில் ‘2 முதல் 9 கிலோ’ என்றிருந்தால் அந்த 2க்கும் மரியாதை கொடுங்கள். நம்மவர்கள் 9ஐ மட்டும் பார்ப்பார்கள். பெரிய திரைக்கான கையில் சின்னத் திரையை மாட்டினால், ஸ்பிரிங் ஜெயித்துத் திரை மேலேயே போய் நிற்கும். மிக அகலமான வளைந்த திரைகளில் இன்னொரு சிக்கல்: வளைவினால் புவியீர்ப்பு மையம் முன்னால் தள்ளியிருக்கும். கை தாங்கினாலும், திரையைப் பிடிக்கும் கழுத்துமூட்டு மெல்லத் தலைகுனியும். அங்கேயும் அதே திருப்புத்திறன்தான்.

மாட்டும்போது இரண்டு பேர் வேண்டும். கவ்வியை முதலில் இறுக்கி, கையைத் தூணில் மாட்டி, இணைப்புத்தகட்டைத் திரையின் முதுகில் திருகி, கடைசியாகத் திரையைக் கையில் பொருத்துங்கள். திரையின் முகத்தைக் கீழே வைப்பதாக இருந்தால் அடியில் ஒரு கம்பளியை விரியுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. திரை இல்லாத கையைக் கீழே அழுத்தி விட்டுவிடாதீர்கள். எதிர்ச்சுமை இல்லாத அந்த 20 நியூட்டன் மீட்டர், கையை விசுக்கென்று மேலே எறியும். எதிரே முகம் இருந்தால் பல் போகும். திரையைக் கழற்றும்போதும் கையை முதலில் உச்சிக்கு உயர்த்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பிறகு சமன் செய்வது: திரை தானாக இறங்கினால் அறுகோணச் சாவியால் ‘கூட்டல்’ பக்கம், ஏறினால் ‘கழித்தல்’ பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக. வயர்களுக்குத் தாராளமாக நீளம் விடுங்கள். மேசை சுவரை ஒட்டியிருந்தால், கையை மடக்கும்போது முழங்கை பின்னால் போய்ச் சுவரில் இடிக்கும். வாங்கும் முன் அந்த இடத்தை அளந்துகொள்ள வேண்டும்.

எல்லாருக்கும் இது தேவை என்றும் நான் சொல்லவில்லை. மேசையை ஒருவர்தான் பயன்படுத்துகிறார், உயரம் மாற்ற வேண்டியதில்லை என்றால் திரையின் கீழே இரண்டு தடித்த புத்தகம் வைத்தால் வேலை முடிந்தது. எடை நேர் கீழே இறங்குகிறது. திருப்புத்திறன் பேச்சே இல்லை. செங்கல் சுவரும் சொந்த வீடும் இருந்தால் சுவரில் பதிக்கும் கை மேசைக்கு நிம்மதி தரும். வாடகை வீடு, பலகைச் சுவர் என்றால் அந்த வழி அடைபட்டது. கவ்விக்கு நியாயம் இருப்பது உயரம் வேறுபட்ட பலர் பகிரும் மேசையில்தான்.

ஆசிரியர் என்ற முறையில் ஒரு சின்ன ஆதங்கமும் உண்டு. திருப்புத்திறன் பாடத்தில் நாம் காலங்காலமாகக் கேட்பது ஏற்றப்பலகைக் கேள்வி: அலி 30 கிலோ, அபு 40 கிலோ, அபு எங்கே உட்கார வேண்டும்? நல்ல கேள்விதான். ஆனால் அதில் இரு பக்கமும் சமமானதும் கணக்கு முடிந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் தாங்குகட்டை எவ்வளவு சுமக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அலியும் அபுவும் சமமாக இருக்கும்போது அந்தக் கட்டையின்மேல் 70 கிலோ இருக்கிறது. அந்த இரண்டாவது கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், விளம்பரத்தில் விரலைப் பார்த்த மாணவர் அடுத்து மேசையைப் பார்ப்பார். பள்ளியில் ஒரு மீட்டர் கோலை மேசை ஓரத்தில் கவ்வியால் பிடித்து, நுனியில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, கவ்விக்கும் மேசைக்கும் நடுவே ஒரு துண்டு சிப்போர்டு வைத்தால் போதும். எந்த எடையில், எந்தத் தூரத்தில் துண்டு நசுங்கத் தொடங்குகிறது என்று வரைபடம் போடலாம். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

வீட்டில் ஏற்கெனவே கை மாட்டியிருப்பவர்கள் இன்று மாலையே ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் நுழையுங்கள். கீழ்த்தகட்டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மேலே அடித்தட்டின் பின்விளிம்புக்கும் மேசைக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள், நுழையக் கூடாது. சிப்போர்டு மெல்ல மெல்ல அமுங்கும் பொருள் என்பதால், மாட்டிய முதல் வாரத்திலேயே திருகு கொஞ்சம் தளர்ந்திருக்கும். கால் சுற்று இறுக்கினால் சரியாகும். ஒரு வாரம் கழித்து மறுபடி அடியில் போய்ப் பாருங்கள். தகடு பென்சில் கோட்டை விட்டு நகர்ந்திருந்தாலோ, காகிதம் உள்ளே நுழைந்தாலோ, திரையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு இரும்புத் தகடு வாங்கப் போகலாம்.